வடக்குச் சுவரோரத்து வெள்ளைக் கற்கள்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருஷப் பிள்ளைகளை ஒவ்வொரு மே மாதமும் இனிஷ்கீலான் தீவுக்கு அழைத்துப் போவார்கள். சரித்திரப் பாடம் எடுப்பவர் தலைமை தாங்குவார், துணைக்கு இன்னொரு ஆசிரியர் போக வேண்டும். அந்த இன்னொருவர் எப்போதும் நான்தான். கணக்கு டீச்சருக்கு வேறு என்ன வேலை என்று ஆசிரியர் அறையில் என்னைக் கேட்காமலேயே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு இடிந்த சுவர்கள் மேல் பெரிய மோகம் கிடையாது. எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தாலே ஏரியும், நடுவில் தீவும், தலை போன வட்டக் கோபுரமும் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதைப் படகேறிப் போய் வேறு பார்க்க வேண்டுமா?

போய்விட்டு வந்தால் அம்மா கேட்பது வருஷா வருஷம் ஒரே கேள்வி.

"தீவுல வெயில் இருந்துச்சாடி?"

"ஏரிக்கு இந்தப் பக்கம் அடிச்ச அதே வெயில்தாம்மா. தீவுக்குன்னு தனியா ஒரு சூரியன் வெச்சிருக்காங்களா என்ன?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்துவிடுவாள். வயதானவர்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஏதாவது ஒரு கேள்வி வேண்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

எண்பத்தேழாம் வருஷம் சரித்திரத்துக்குப் புதிதாக வந்திருந்தவர் ஜார்லத் குவில்ட்டி. டப்ளின்காரர், சின்ன வயது, தாடி, தோளில் தொங்கும் தோல் பை. ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்னால் அந்தத் தீவில் மடம் கட்டி வாழ்ந்த துறவிகளைப் பற்றி, நேற்று அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தவர் மாதிரி பேசுவார். நல்ல மனுஷர்தான். கொஞ்சம் ஆர்வக்கோளாறு.

அந்தத் தடவை கூட வந்த மூன்றாவது ஆள் நுவாலா கார்வி. பள்ளி அலுவலகத்தில் இருப்பவர், எங்களுக்கு அடுத்த பண்ணை வீட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூடத் தீவுப் பேச்சை எடுக்காதவர், அந்த மே மாதம் தானாகவே வந்து நின்றார்.

"சாண்ட்விச் எல்லாம் நானே பண்ணி எடுத்துட்டு வரேன் டெர்வ்லா. என்னையும் கூட்டிட்டுப் போ."

"முப்பது பிசாசுங்களக் கட்டி மேய்க்கணும். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"போகணும்" என்றார். அவ்வளவுதான்.

அவருடைய கணவர் டோனல் அந்த ஜனவரியில் இறந்திருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. தனியாக வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் வழக்கமான கலாட்டாதான். "எல்லாரும் உக்காருங்க. எந்திரிச்சா படகு கவுந்துரும். கவுந்தா நான் நீந்திப் போயிருவேன், உங்களப் பத்தி எனக்குக் கவலை இல்ல" என்றார் படகுக்கார மலக்கி.

"நீங்க நீந்துவீங்களா? போன ஞாயித்துக்கிழமை பப்லேருந்து வீட்டுக்கு நடக்கவே ரெண்டு பேர் தாங்க வேண்டியிருந்துச்சாமே!" என்று பின்னாலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். மலக்கியே விழுந்து விழுந்து சிரித்தார்.

நுவாலா சிரிக்கவில்லை. சாண்ட்விச் டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு கோபுரத்தையே பார்த்திருந்தார். கரை நெருங்கியபோது மலக்கியிடம் மெல்லக் கேட்டார். "மடத்துக் கோயிலுக்கு வடக்குப் பக்கம்னா எது மலக்கி?"

மலக்கியின் சிரிப்பு நின்றுவிட்டது. "பெரிய கோயில் சுவருக்கு அந்தாண்ட. முள்மரம் ஒண்ணு பூத்து நிக்குது பாருங்க, அது பக்கத்துல" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கட்டத் திரும்பிக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் காரணம் யோசிக்கவில்லை.

கல் சிலுவைக்குக் கீழே பிள்ளைகளை நிற்க வைத்து ஜார்லத் அரை மணி நேரம் பேசினார். செதுக்கிய முகங்களை மழையும் காற்றும் தேய்த்துவிட்ட சிலுவை அது. இதுதான் தாவீது ராஜா, இதுதான் தானியேல் என்று அவர் சொல்ல, பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்கு எல்லாம் உருளைக்கிழங்காகத்தான் தெரிந்தது. பிறகு அவர் கையைத் தட்டினார்.

"இப்ப பழைய காலத்து யாத்ரீகங்க சுத்தின மாதிரியே நாமளும் மடத்தச் சுத்தப் போறோம். சூரியன் போற திசையில. ஆளுக்கு ஒரு கல்லு எடுத்துக்குங்க. சுத்தி முடிச்சதும், இந்த மடத்தக் கட்டுன புனிதர் கீலானோட கல்படுக்கையில வெச்சிரணும். நல்ல கல்லாப் பாத்து எடுங்க!"

எங்கள் ஊரில் திருநாளுக்குச் சுற்ற வருகிறவர்கள் கல்லைக் கரையிலேயே எடுத்துக்கொண்டு வருவார்கள். தீவுக்கு உள்ளிருந்து எதையும் எடுக்கமாட்டார்கள். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று ஜார்லத்துக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை. நான் ஸ்டவ்வைப் பற்ற வைப்பதில் முனைப்பாக இருந்தேன், காற்று அதை அணைத்துக்கொண்டே இருந்தது. நுவாலா பக்கத்தில் நின்று கப்புகளைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"இவங்க சுத்த ஆரம்பிச்சதும் நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்றார்.

பிள்ளைகள் சுற்றிக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தவள் ஊனா என்ற ஒல்லிப் பெண். அவள் கையில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவன் கையிலும் வெள்ளைக் கல். அதற்கும் பின்னால், எல்லார் கையிலும். ஒரு சின்ன ரொட்டி அளவில், நல்ல வெண்மையான கற்கள்.

நுவாலாவின் கையிலிருந்த கப் கீழே விழுந்தது. "எங்க எடுத்தீங்க இத?"

"கோயிலுக்குப் பின்னாடி, மிசஸ் கார்வி. நெறையக் கெடக்கு. வரிசை வரிசையா!" என்றாள் ஊனா சந்தோஷமாக.

நுவாலா ஓடினார். ஐம்பது வயதுக்காரர், மூட்டுவலிக்காரர், அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் போனேன்.

பெரிய கோயிலின் வடக்குச் சுவரோரம் ஒரு நீளத் துண்டு நிலம். அந்த நடுப்பகலிலும் நிழல்தான். பாசி, ஈரம், காஞ்சொறிச் செடிகள். சிறுவயதில் திருநாளுக்கு வரும்போது எங்களை அந்தப் பக்கம் விளையாட விடமாட்டார்கள். காஞ்சொறி பட்டால் அரிக்கும் என்று சொல்வார்கள், நானும் அதையே நம்பியிருந்தேன். இப்போது புல்லில் அங்கங்கே வெளிறிய குழிகள் தெரிந்தன. கல் கிடந்த இடங்கள். ஒவ்வொன்றும் ஒரு ரொட்டித் தட்டின் அளவு. ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மிகக் குறைவு.

நுவாலா முழங்காலில் விழுந்திருந்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்களே டெர்வ்லா. எல்லாத்தையும் எடுத்துட்டாங்களே."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஞானஸ்நானம் ஆவதற்குமுன் இறந்த குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க விடமாட்டார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத ஏதோ ஓர் இடத்துக்குத்தான் அவை போகும் என்று சாமியார்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாழடைந்த மடங்களின் ஓரத்தில், பேர் இல்லாமல், ஒரு கல்லை மட்டும் அடையாளம் வைத்துப் புதைப்பார்களாம். ஆனால் அதெல்லாம் வேறு ஏதோ ஊரில் நடந்த மாதிரிதான் எங்கள் ஊரில் பேசுவார்கள்.

"கல்யாணமாகி ரெண்டாவது வருஷம்" என்றார் நுவாலா. "பொண்ணு. மூச்சே விடல. என்னை எழுந்திரிக்க விடல. ஒரு தடவ கையில குடுங்கன்னேன், வேணாம் வேணாம்னு துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க வெச்சீங்கன்னு டோனல் கிட்டக் கேட்டேன். 'கேக்காத'ன்னாரு. மறுபடி கேட்டேன். அன்னிக்கு முழுக்க வீட்டுக்கே வரல. அப்புறம் நான் கேக்கல."

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். நுவாலாவுக்குக் காய்ச்சல், அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி வைத்தது நினைவுக்கு வந்தது.

"ஆஸ்பத்திரியில, கடைசி வாரந்தான் சொன்னாரு. 'இனிஷ்கீலான்ல, வடக்குப் பக்கம். வெள்ளக் கல்லு, நடுவுல துருப்பிடிச்ச கம்பி மாதிரி ஒரு கோடு ஓடும்.' அவ்வளவுதான் சொன்னாரு. அத வெச்சுத்தான் இன்னிக்கு வந்தேன். ஒரே ஒரு தடவ அவ இருக்கற எடத்துல நிக்கணும்னு வந்தேன்."

எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் பிள்ளைகள் வந்து நின்றிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

கல்படுக்கையில் குவித்திருந்ததை எல்லாம் நாங்கள் புரட்டினோம். துருக்கோடு ஓடிய கல் கிடைத்துவிட்டது. ஊனா கொண்டுவந்ததுதான். "எங்கேர்ந்து எடுத்தே கண்ணு? யோசிச்சுச் சொல்லு" என்று நுவாலா அவள் கையைப் பிடித்துக் கேட்டார். அவள் ஒரு குழியைக் காட்டினாள், பிறகு இன்னொன்றைக் காட்டினாள், பிறகு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு பையன் கல்லை வாங்கிக் குழிகளில் பொருத்திப் பார்த்தான். எதில் வைத்தாலும் பொருந்தியது. கல் இருந்தது, இடம் இல்லை.

நான் ஜார்லத் மேல் பாய்ந்தேன். "கல்லு வேணும்னா கரையில கோடி கெடக்கே! சொல்லிக் குடுக்க வேண்டியதுதானே? படிச்ச படிப்புல இது இல்லையா?"

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "யார்கிட்டக் கேட்டிருக்கணும் டெர்வ்லா? வந்த நாள்லேருந்து இந்தத் தீவப் பத்தித்தான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கேன். ஒருத்தராவது சொன்னீங்களா? உனக்கே இப்பத்தானே தெரியுது?"

பாதிக் கோபம் அவர் மேல், மீதி யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பும்போது நுவாலா அந்தக் கல்லைத் தன் கழுத்துத் துணியில் சுற்றி மார்போடு வைத்திருந்தார். தீவிலிருந்து ஒரு கூழாங்கல்லைக் கூட எடுத்துப் போக மலக்கி விடமாட்டார், பிள்ளைகளின் பாக்கெட்டுகளைத் தட்டிப் பார்த்துத்தான் படகில் ஏற்றுவார். அன்று அந்த மூட்டையைப் பார்த்தார். கை கொடுத்து ஏற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "தீவுல வெயில் இருந்துச்சாடி?"

எனக்கு இருந்த ஆத்திரத்தில் வள்ளென்று விழுந்தேன். "வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல! அந்த வடக்குச் சுவரோரம் ஒரே பாசியும் ஈரமும். எந்தக் காலத்துலயும் வெயிலே படாது போல."

சாப்பாட்டு மேஜையில் நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்பா பாதி டீயோடு எழுந்து, கன்று போடப் போகும் பசுவைப் பார்க்கிறேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா கத்தியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் சொல்வதைக் கேட்கக் கூட இந்த வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தனியாகச் சாப்பிட்டு முடித்தேன்.

ஜார்லத் அடுத்த நாளே பங்குச் சாமியாரிடம் போய் நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில் சாமியார் தொண்டையைக் கனைத்தார்.

"தீவுல பள்ளிக்கூடப் புள்ளைங்க தெரியாம சில கல்ல எடுத்துட்டாங்க. அது எங்கெங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க இருந்தா, இன்னிக்கு மூணு மணியிலேருந்து மலக்கியோட படகு துறையில நிக்கும். யாரும் உங்கள எதுவும் கேக்கமாட்டாங்க."

கோயில் முழுக்க எல்லாரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ஒரு ஈ காக்கைகூட வராது என்று நினைத்தேன். எங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதா? பால் விலையைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுவார்கள், மனசில் உள்ளதைப் பேசச் சொன்னால் வானத்தைப் பார்ப்பார்கள்.

மூன்று மணிக்கு முன்பே நுவாலா கல்லோடு முதல் படகில் போய்விட்டார். ஜார்லத்தும் ஊனாவும் கூடப் போனார்கள். நான் துறையில் நின்று, வருகிறவர்களை ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. முதலில் வந்தவர் டெலியா லோகன், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு. அடுத்து டிம்மி பிரேசில். இரண்டு பேரும் ஒரு வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள்.

"நீ எங்க இங்க?" என்றார் டிம்மி.

"ஏரி எப்பிடி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"அது அங்கயேதான் இருக்கு."

"அப்ப நீ எதுக்கு வந்த?"

டிம்மி தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "நானும் ஏரியப் பாக்கத்தான் டெலியா."

டிம்மி கையை நீட்டினார், டெலியா அதைப் பிடித்துப் படகில் ஏறினார். அவர்களுக்குப் பின்னால் சைக்கிளில், டிராக்டரில், நடந்து என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகத் தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்ததை, வரிசையில் நின்றதும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு ஃபோர்டு காரும் வந்தது. துறையின் கடைக்கோடியில் நின்றது. அப்பாவும் அம்மாவும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"ஊரே அழுதுட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரும் வேடிக்கை பாக்கவா வந்தீங்க? வீட்டுக்குப் போங்கப்பா."

"போறோம், போறோம்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். அம்மா ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் கார் நகரவில்லை. படகு போய்ப் போய் வந்தது, கார் அங்கேயே நின்றது.

சாயங்காலம், கூட்டமெல்லாம் ஓய்ந்தபின், நானும் கிளம்பலாம் என்று படகில் ஏறினேன். அப்போதுதான் கார்க் கதவு திறந்த சத்தம் கேட்டது. அப்பா நடந்து வந்தார். ஏரிக்காரர்தான், ஒரு காலத்தில் சொந்தப் படகு வைத்திருந்தவர். ஆனாலும் அன்று ஏறும்போது அவர் கால் தடுமாறியது. "கால் மரத்துப் போச்சு" என்றார். என்ன என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

வடக்குச் சுவரோரம் முக்கால்வாசிக் குழிகளில் கற்கள் திரும்ப உட்கார்ந்திருந்தன. ஜார்லத்தும் ஊனாவும் சேர்ந்து காஞ்சொறியை எல்லாம் வெட்டியிருந்தார்கள், இரண்டு பேரின் கைகளும் தடித்திருந்தன. நுவாலா முள்மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், மடியில் கல். மத்தியானத்திலிருந்து அப்படியேதான் இருக்கிறாராம். வந்தவர்கள் எல்லாம் தங்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துக் கல்லை வைத்து, கொஞ்ச நேரம் நின்று, போகும்போது இவர் தோளைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் இவருடைய இடம் தெரியவில்லை. இன்னும் ஆள் இல்லாத சில கற்கள் ஓரத்தில் கிடந்தன.

அப்பா அவர் முன்னால் போய் நின்று தொப்பியை எடுத்தார்.

"அந்தக் கல்லக் குடு நுவாலா."

நுவாலா நிமிர்ந்து பார்த்தார். புரிய நேரமாயிற்று. "உங்களுக்குத் தெரியுமா ஃபிண்டன்?"

"விடியக்காலைல டோனல் வந்து கதவத் தட்டுனான். என் படகுலதான் வந்தோம். நான் துடுப்புப் போட்டேன், அவன் மடியில வெச்சிருந்தான்." அப்பா நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். "எங்க வைக்கிறதுன்னு அவனுக்கு ஒண்ணும் புரியல. இப்பிடியும் அப்பிடியும் நடக்குறான். நான்தான் சொன்னேன், எங்க பையன் பக்கத்துல வெச்சிரலாம்டா, ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கட்டும்னு."

எங்க பையன் என்றார். வாய் தவறிச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"பக்கத்து வீட்டுலயே இருந்தீங்களே" என்றார் நுவாலா. குரலில் துக்கம் மட்டும் இல்லை. "தெனம் காலைல பாத்துப் பேசுவீங்களே. மழை வருமான்னு கேப்பீங்களே. ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"டோனலுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."

"அவரு போயி நாலு மாசமாச்சு!"

"ஆமா." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "உன்னோடதச் சொன்னா எங்களோடதும் சொல்லணுமே நுவாலா. எனக்கு வாய் வரல. அதுதான் உண்மை. மன்னிச்சிரு."

நுவாலா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. துணியைப் பிரித்துக் கல்லை நீட்டினார்.

அப்பா சுவரைப் பார்த்தார். வெளிறிய கற்களுக்கு நடுவே கறுப்பாக ஒன்று பதிந்திருந்தது. அதற்கு நேர் கீழே இரண்டு குழிகள், ஒன்றையொன்று தொடுவது போல. வலது பக்கத்துக் குழியில் துருக்கோட்டுக் கல்லை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார்.

"இங்கதான் இருக்கா" என்றார்.

நுவாலா அங்கே மண்டியிட்டு, கல்லின் மேல் கையை விரித்து வைத்தார். அழவில்லை. அந்தக் கை அங்கேயே இருந்தது, தூங்கும் குழந்தையின் வயிற்றின் மேல் வைத்த மாதிரி.

அப்பா ஓரத்தில் கிடந்த கற்களிடம் போனார். தேடவே இல்லை, நேராகக் குனிந்து தட்டையான ஒன்றை எடுத்தார். இடது பக்கத்துக் குழியில் வைத்தார். எழுந்திருக்க முடியாமல் என் பக்கம் கையை நீட்டினார்.

நான் பிடிக்கப் போனேன், ஆனால் தூக்கவில்லை. நானும் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். "எப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம். ஒரு மணி நேரம் இருந்தான். சாமியாரக் கூட்டிட்டு வரப் போனேன், திரும்பி வர்றதுக்குள்ள..." அவர் நிறுத்திக்கொண்டார். "உங்கம்மா இங்க வந்ததே இல்ல. எங்க வெச்சேன்னு கேட்டா. சொன்னேன். வடக்குப் பக்கம்னு சொன்னதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அப்புறம் என்கிட்டக் கேக்கல."

என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். வருஷா வருஷம் என்னிடம் கேட்டிருக்கிறாள், வருஷா வருஷம் நான் கிண்டலாகப் பதில் சொல்லியிருக்கிறேன். போன புதன்கிழமை சொன்ன பதில் நெஞ்சில் வந்து குத்தியது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அப்போது முதுகில் சூடு பட்டது. திரும்பிப் பார்த்தேன். மே மாதக் கடைசியில் சூரியன் நேர் மேற்கில் இறங்குவதில்லை, வடமேற்குக்குப் போய்த்தான் இறங்கும். இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுப்பவள் நான். நாங்கள் மடங்களைப் பார்க்க வருவதோ நடுப்பகலில், டீ குடித்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுவோம். வெயில் கோயிலின் மேற்கு மூலையைச் சுற்றிக்கொண்டு வந்து, வடக்குச் சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது. ஈரப் புல்லில், வெள்ளைக் கற்களில், நுவாலாவின் கையில், எல்லாவற்றிலும் விழுந்திருந்தது. மணி ஏழரை தாண்டியிருந்தது.

நுவாலா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்றார். ஆள் வராத கற்களை வெற்றுக் குழிகளில் வைத்துவிட்டுத்தான் வருவோம் என்று ஜார்லத்தும் ஊனாவும் அவரோடு இருந்துகொண்டார்கள். நானும் அப்பாவும் மட்டும் கரைக்குத் திரும்பினோம்.

அம்மா காரிலேயே இருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினாள். அப்பா எனக்குச் சொல்லிவிட்டார் என்பது என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதடு அசைந்தது, ஆனால் கேள்வி வெளியே வரவில்லை. போன தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாளே.

"விழுதும்மா" என்றேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன். மத்தியானந்தான் அங்க நெழலு. கோடையில சாயங்காலம் சூரியன் அந்தப் பக்கமா சுத்தி வருது. நேரா அவன் மேலதான் விழுது. இப்பவும் இருக்கு, என் கண்ணால பாத்துட்டு வரேன். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேலயே இருக்கும்."

ஆறுதலுக்குச் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தாள். தப்பான விடைக்கு நான் ஒருத்தருக்கும் மார்க் போட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஜெபமாலையைப் பைக்குள் போட்டாள். கதவைத் திறந்து, காலை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றினாள்.

"மலக்கிய நிக்கச் சொல்லு" என்றாள்.

நான் துறையை நோக்கி ஓடினேன்.